தாய்மொழியில் விழுந்த கோல்

உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் மேல்தட்டு என்று ஒன்று உண்டு. கனடாக்காரனும் ஃபின்லாந்துக்காரனும் ஆடுவது; ஊர் உலகமெல்லாம் உட்கார்ந்து பார்ப்பது. அதற்கு அடுத்த தட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அங்கே ஆறு நாடுகள் வருடா வருடம் ஏப்ரல் மாதம் ஏதாவது ஓர் ஊரில் கூடி ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். முதலில் வருகிறவன் மேலே ஏறுவான். ஏறிய மறு வருடமே கனடாக்காரனிடம் செம உதை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவான். கடைசியில் வருகிறவன் இன்னும் கீழே விழுவான். விழுந்தவனைப் பற்றி அவன் நாட்டுப் பத்திரிகைகூட எழுதாது. இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் வளர்ந்த ஆண்கள் பல்லை உடைத்துக்கொள்கிறார்கள். திஹமேருக்கு முன்பல் இரண்டும் சொந்தமில்லை.

திஹமேர் ருமேனிய அணியின் கோல்கீப்பர். ஊர் சீக்செரெதா. மலைகளுக்கு நடுவில், ருமேனியாவின் வயிற்றுக்குள், ஹங்கேரிய மொழி பேசும் ஊர். அந்த மலைக்காரர்களுக்குச் சேக்கெய்கள் என்று பெயர். ருமேனியாவில் ஐஸ் ஹாக்கி உருப்படியாக ஆடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான் என்பதால், மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு ருமேனியாவுக்காக ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் ருமேனிய மொழி பேசாதவர்கள். தலைநகரில் இவர்களை 'நாடில்லாத பயலே' என்று திட்டுவார்கள். அந்தத் திட்டுப் பொறுக்காமல் ஹங்கேரிக்குப் பிழைக்கப் போனால் அங்கே 'என்னப்பா ருமேனியாக்காரா' என்று தோளில் தட்டிச் சிரிப்பார்கள். திட்டு அதிகம் வலிக்கிறதா, சிரிப்பு அதிகம் வலிக்கிறதா என்று சேக்கெய்கள் சாராயக் கடையில் உட்கார்ந்து விவாதிப்பதுண்டு. இன்னும் முடிவாகவில்லை.

அந்த வருடம் போட்டி ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரத்தில் நடந்தது. கடைசி நாள், கடைசி ஆட்டம், ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும். கணக்கு எளிது. ஆட்ட நேரம் முடியும்போது சமமாக இருந்தால் ஆளுக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி போதும், ஹங்கேரி மேல்தட்டுக்கு ஏறிவிடும். அதே ஒரு புள்ளி போதும், ருமேனியா கீழே விழாமல் தப்பிவிடும். தோற்றால் ஒன்றும் கிடையாது.

தப்பினால் திஹமேருக்கு இன்னொன்றும் கிடைக்க இருந்தது. இந்தத் தட்டில் ருமேனியா நிலைத்தால் அடுத்த வருடப் போட்டி சீக்செரெதாவில் நடக்கும் என்று பேசி வைத்திருந்தார்கள். அவனுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. இந்த வருடமே நிறுத்திக்கொள்ளச் சொல்லி மருத்துவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. இன்னும் ஒரே ஒரு வருடம், சொந்த ஊர்க் கோலில், பால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் பார்க்க நின்றுவிட்டு மட்டையைக் கீழே போட்டுவிடுகிறேன் என்று அவரிடம் கெஞ்சியிருந்தான். இத்தனை வருடம் அந்நிய ஊர்களில் அடி வாங்கியவனுக்கு அந்த ஆசை நியாயமானதுதான்.

எல்லா அணிகளுக்கும் ஒரே ஹோட்டல், ஒரே சாப்பாட்டு அறை. காலையில் திஹமேர் முட்டையும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு திரும்பியபோது எதிரே ஹங்கேரி அணியின் சட்டையில் அவன் தம்பி நின்றான். லெஹெல். பதினேழு வயதில் ஒரு புடாபெஸ்ட் கிளப் கூப்பிட்டதென்று போனவன், ஹங்கேரியக் குடியுரிமை வாங்கி, இப்போது அந்த நாட்டு அணியிலேயே முன்வரிசையில் ஆடுகிறான்.

"நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்றான் லெஹெல், சுத்தமான புடாபெஸ்ட் பேச்சில்.

"ஏலே, யார்ட்ட பேசுத? 'நல்லா இருக்கீங்களா'வாம். ரேடியோவுல செய்தி வாசிக்கப் போறியா?"

லெஹெல் சட்டென்று தன் அணிக்காரர்களின் மேஜையைத் திரும்பிப் பார்த்தான். "மெதுவா பேசுங்க. எல்லாரும் கவனிக்கறாங்க."

"கவனிக்கட்டுமே. நம்ம பேச்சுல என்ன குத்தம்?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணா. நான் இங்க வந்த புதுசுல வாயத் திறந்தாலே சிரிப்பாங்க. ஆடு மேய்க்கறவன் வந்துட்டான்னு மே மேன்னு கத்துவாங்க. கஷ்டப்பட்டு மாத்திக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான்.

"இருக்கா. கிறிஸ்துமஸுக்கு நீ போன் பண்ணினேல்ல, வச்சிட்டு எங்கிட்ட கேக்கா, 'யாரோ ஆபீசர் பேசுத மாரியே இருந்துச்சே, அது நம்ம பயதானா'ன்னு."

லெஹெல் சிரிக்கவில்லை. "அப்பா வர்றாரா?"

"வாராரா? ராத்திரியே பஸ் ஏறிட்டாரு. ஊரே ஏறிட்டு. பிளம்ஸ் சாராயம் ரெண்டு பாட்டில் மடியில கட்டிருக்காரு. உன் பேரு போட்ட சட்டைதான் மாட்டிருக்காரு."

"உங்க பேர் போட்டது?"

"எம்பேரு மஞ்சச் சட்டையில வரும். மஞ்ச அவரு கண்ணுக்கு ஆவாது." திஹமேர் இதை நகைச்சுவையாகத்தான் சொன்னான். சொன்னபின் தட்டில் இருந்த முட்டையை ஓரமாகத் தள்ளினான். "சரி, அத விடு. சமமா முடிஞ்சா ரெண்டு பேருக்கும் நல்லதுலே. அடுத்த வருசம் நீ மேல போயி கனடாக்காரன்ட்ட அடி வாங்கு. நான் ஊர்ல ஆடிட்டு வீட்டுல ஒக்காந்துக்கிடுதேன்."

"அதெல்லாம் பேசக் கூடாது அண்ணா," என்று சொல்லிவிட்டு லெஹெல் தட்டை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனான். அங்கே யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். லெஹெலும் சேர்ந்து சிரித்தான்.

சாயங்காலம் உடைமாற்றும் அறையில் கோச் திராகொமிர் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். மற்ற நாடுகளோடு ஆடும்போது ஹங்கேரிய மொழிதான் இந்த அணியின் பலம். ஐஸ் மேல் ஒருவருக்கொருவர் கத்திக்கொள்வது ஜப்பான்காரனுக்கோ போலந்துக்காரனுக்கோ ஒரு எழுத்தும் புரியாது. ஹங்கேரிக்கு எதிராக மட்டும் அந்தப் பலம் கழுத்துக்குக் கத்தி.

"இன்னிக்கு ஐஸ் மேல எல்லாம் ருமேனியன்லதான்," என்றார். "தெரிஞ்ச வரைக்கும் பேசுங்க. தெரியலைன்னா ஊமையா இருங்க. இன்னிக்கு உங்க காதுல ஹங்கேரியன் விழுந்தா அது நம்ம ஆள் இல்ல. எவ்வளவு இனிப்பா விழுந்தாலும் நம்ம ஆள் இல்ல. புரியுதா?"

"கோச், திட்டிக்கறதாவது எங்க பாஷையில திட்டிக்கலாமா?" என்று கேட்டான் கேப்டன் சபோல்ச், அவனும் சேக்கெய்தான். "ருமேனியன்ல திட்டினா எனக்கே உறைக்க மாட்டேங்குது."

அறை முழுக்கச் சிரித்தது. "திட்டிக்கோ. கூப்பிடாத," என்றார் திராகொமிர்.

திராகொமிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் தலைநகரத்து ருமேனியர். ஆனால் சேக்கெய்களுக்கு அவரைப் போல் ஒரு ஆள் கிடைக்கமாட்டார். ஒவ்வொரு வருடமும் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது, கோட்டு போட்ட நாலு பெரிய மனிதர்கள் அவரைக் கூப்பிட்டு வைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: ஹங்கேரிக்கு எதிராக அந்த மலைக்காரப் பையன்களை நம்பலாமா? கோலில் நிற்பவனாவது நம்ம ரத்தமாக இருக்கவேண்டாமா? அவர் ஒவ்வொரு வருடமும் மேஜையைத் தட்டிவிட்டு வருவார். 'அவங்க எல்லாருக்கும் நான் ஜாமீன்' என்று ஒருமுறை அவர் கத்தியது வெளியே நின்ற திஹமேருக்கே கேட்டது. அன்றிலிருந்து அவருக்காக அவன் இடுப்பு வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான்.

ஆட்டம் தொடங்கியது. அரங்கம் நிறைந்திருந்தது. சீக்செரெதாவிலிருந்து வந்த கூட்டம் ஒரு மூலை முழுவதையும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் கோல் போட்டாலும் கைதட்டியது. இரண்டு பக்கமும் அவர்கள் பிள்ளைகள் ஆடும்போது வேறென்ன செய்வது? ஹங்கேரி முதலில் இரண்டு கோல் போட்டது. திஹமேர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இரண்டாம் பகுதியில் சபோல்ச் ஒன்றைத் திருப்பினான். கடைசியான மூன்றாம் பகுதி தொடங்கியதும் கோஸ்மின் இன்னொன்றைப் போட்டான். கோஸ்மின் அணிக்குப் புதியவன், தடுப்பாட்டக்காரன், கலாட்சிப் பக்கத்து ருமேனியன், ஹங்கேரிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தவர்கள் எல்லாரும் சேக்கெய்கள்.

சமமானதும் ஒருமுறை லெஹெல் தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் அண்ணன் மட்டும். லெஹெல் தோளை இடது பக்கம் சாய்த்தான். அவன் வலது பக்கம்தான் அடிப்பான் என்று திஹமேருக்குத் தெரியும். வீட்டுக் கொட்டகைக் கதவில் அடித்துப் பழகிய நாளிலிருந்து அதே பழக்கம். எதிரே நின்றவன் இடது காலை நீட்டினான். ரப்பர் வட்டு அதில் பட்டு வெளியே போனது. அரங்கம் 'ஐயோ' என்றது. ஹங்கேரி பெஞ்சுக்கு லெஹெல் திரும்பிப் போனபோது அங்கே ஒருவன் அவன் தலைக்கவசத்தில் குட்டி ஏதோ சொன்னதை, லெஹெல் குனிந்துகொண்டதை, திஹமேர் தூரத்திலிருந்து பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஆட்டம் மெல்ல மெல்ல இறங்கியது. யாரும் யாரிடமும் எதையும் பேசவில்லை. பேசியிருந்தால் அது குற்றம். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் கணக்குத் தெரியும். ஹங்கேரிக்காரர்கள் வட்டைத் தங்களுக்குள் தள்ளிக்கொண்டார்கள். ருமேனியாக்காரர்கள் போய்ப் பிடுங்கவில்லை. பிறகு ருமேனியாக்காரர்கள் தள்ளிக்கொண்டார்கள். அவர்கள் வந்து பிடுங்கவில்லை. அரங்கத்தில் எல்லாருக்கும் புரிந்தது. சீக்செரெதாக் கூட்டம் எழுந்து நின்று பாட ஆரம்பித்தது. அவர்கள் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஆட்டம் பார்த்ததில்லை. நம்மவர்களும் தோற்கமாட்டார்கள், நம்மவர்களும் தோற்கமாட்டார்கள்.

கடைசி நிமிடம் வந்துவிட்டது. ஹங்கேரி வீரன் ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டி வட்டை ருமேனியப் பக்கம் மெதுவாக உருட்டிவிட்டு, ஆள் மாற்றிக்கொள்ள பெஞ்சுக்குப் போனான். அடியில் வேகமே இல்லை. வட்டு கோலுக்குப் பின்னால் போய்ப் பலகையை ஒட்டி ஓடியது. அதை நிறுத்தித் தன் ஆளுக்கு வாகாக வைத்துக் கொடுப்பது கோல்கீப்பரின் வேலை. திஹமேர் கோலை விட்டு வெளியே வந்து, பின்னால் சுற்றிப் போய், மட்டையால் வட்டை நிறுத்தினான். யாரிடம் தள்ளுவது என்று யோசித்தான். முதுகுப் பக்கம் சறுக்குக் காலணி ஐஸைக் கீறும் சத்தம் கேட்டது.

"விட்ருண்ணே, நான் எடுத்துக்கிடுதேன்!"

விட்டான்.

யோசித்து விட்டான் என்று சொல்லமுடியாது. கையே விட்டுவிட்டது. சூடு பட்டால் கை விலகிக்கொள்வது போல. மலைப் பேச்சு, சீக் பள்ளத்தாக்கின் இழுவை, ஒரு மாற்றும் இல்லாமல் வீட்டுக் குரல். கோலின் ஒரு பக்கமாகத் தன் இடத்துக்குத் திரும்பச் சறுக்கினான். பாதி வழியில்தான் புத்தி வந்தது. இன்றைக்கு நம் ஆட்கள் யாரும் ஹங்கேரியன் பேசக்கூடாதே. நம் ஆட்களில் யாரும் என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவதில்லையே.

அதற்குள் லெஹெல் வட்டை எடுத்து மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, திறந்து கிடந்த கோலில் ஒரு குழந்தைகூடப் போடக்கூடிய கோலைப் போட்டான்.

அரங்கம் இடிந்து விழுவது போலக் கத்தியது. ஹங்கேரிக்காரர்கள் அத்தனை பேரும் லெஹெலின் மேல் விழுந்து புரண்டார்கள். அவன் பெயரைச் சொல்லி முதல்முறையாகப் புடாபெஸ்ட் கத்தியது. கோஸ்மின் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு திஹமேரைப் பார்த்தான். சீக்செரெதாக் கூட்டம் ஒரு கணம் வாயடைத்துப் போனது; அப்புறம் அதுவும் கைதட்டியது. நடுவர் டென்மார்க்காரர். அவர் காதில் ஒரு சத்தம் விழுந்திருக்கும், அர்த்தம் விழுந்திருக்காது. மிச்சமிருந்த நேரத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்து ஒரு ஆளைக் கூடுதலாக விட்டுப் பார்த்தார் திராகொமிர். ஒன்றும் நடக்கவில்லை. ருமேனியா விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கவேண்டும். லெஹெல் வந்தபோது தலையைத் தூக்கவில்லை. "சாரி அண்ணா," என்றான், புடாபெஸ்ட் பேச்சில். திஹமேர் அவன் கையைத் தொட்டுவிட்டு அடுத்தவனுக்கு நகர்ந்தான்.

அப்புறம் ஜெயித்த நாட்டின் கீதம். இரண்டு அணியும் தலைக்கவசத்தைக் கழற்றி ஐஸில் வரைந்த நீலக் கோட்டின் மேல் நிற்க வேண்டும். அது சேக்கெய்கள் கோயிலில் பாடுவது, கல்யாணத்தில் பாடுவது, புத்தாண்டு இரவில் பாடுவது. ஹங்கேரியிடம் தோற்கும்போதெல்லாம் மஞ்சள் சட்டையில் நின்றபடி இவர்களும் பாடுவார்கள். மறுநாள் ருமேனியப் பத்திரிகைகள் அதை எழுதிக் கிழிக்கும். அன்றும் சபோல்ச் கண்ணீர் வடிய வடியப் பாடினான். திஹமேர் வாயைத் திறக்கவில்லை. அது ஒன்றும் பெரிய முடிவில்லை, அந்தக் குரல் இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? மூலையில் இருந்த ஊர்க்காரர்கள், தோற்ற கோபத்தில் நம் பாட்டையே பாடமாட்டேன் என்கிறானே என்று முணுமுணுத்தார்கள். ருமேனியத் தொலைக்காட்சியில் பேசியவன், ஆட்டத்தை விற்றுவிட்டு இப்போது நல்லவன் வேஷம் போடுகிறான் என்று சொன்னானாம்.

உடைமாற்றும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோஸ்மின்தான் வெடித்தான்.

"தம்பிக்கு என்ன, பிறந்தநாள் பரிசா? ரிப்பன் கட்டிக் குடுத்திருக்கலாமே."

"வாய மூடு," என்றான் சபோல்ச்.

"ஏன் மூடணும்? வட்டு இவன் மட்டையில இருந்துச்சு. சும்மா வச்சிட்டுப் போறான், கோயில்ல காணிக்கை வைக்கற மாதிரி. பின்னாடி யாரோ கத்துனது எனக்குக் கேட்டுச்சு. இவன்தான் என்னைக் கூப்பிடறான்னு நெனச்சேன்."

திராகொமிர் தலையை நிமிர்த்தினார். "யார் கத்துனது?"

"எனக்கு என்ன தெரியும்? அவங்க பாஷை."

திராகொமிர் திஹமேரிடம் வந்து எதிரே குந்தி உட்கார்ந்தார். "என்ன நடந்துச்சு? எங்கிட்ட சொல்லு."

சொல்லியிருக்கலாம். என் தம்பி ஏமாற்றினான் என்று சொன்னால் விற்றவன் என்ற பெயராவது போயிருக்கும். ஆனால் அதைச் சொல்ல, காதில் ஹங்கேரியன் விழுந்தது, விட்டுவிட்டேன் என்று சொல்லவேண்டும். இத்தனை வருடமும் கோட்டு போட்டவர்கள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார்களோ, அதையே தன் வாயால், கோஸ்மின் கேட்க, இந்த அறையில் சொல்லவேண்டும். திஹமேருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

"மட்டையில வழுக்கிடுச்சு கோச்," என்றான்.

திராகொமிர் எழுந்து எல்லாரையும் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்கல்ல? வழுக்கிடுச்சு. எல்லாருக்கும் வழுக்கும். இவன் இல்லேன்னா நாம மூணு நாளைக்கு முன்னாடியே விழுந்திருப்போம். வெளிய போயி எவனாவது வேற கதை சொன்னா அவன் எனக்கு ஆடவேண்டாம்." கோஸ்மின் துண்டை வீசியெறிந்துவிட்டுக் குளிக்கப் போனான். திஹமேருக்கு அழுகை வந்தது. பொய்க்கு முட்டுக் கொடுத்த அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குளித்துவிட்டுப் பையோடு வெளியே வந்தபோது நடைபாதையில் கூட்டம். அப்பா ஆரோன், லெஹெலின் பெயர் போட்ட சட்டையில், ஒரு கையில் சாராய பாட்டிலும் இன்னொரு கையில் லெஹெலின் கழுத்துமாக நின்றார். லெஹெலின் கழுத்தில் பதக்கம். சுற்றிலும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"வாலே, வாலே!" என்று அப்பா கூப்பிட்டார். "மூஞ்சியத் தொங்கப் போடாத. வெளி ஆளா போட்டான்? கோலு வீட்டுக்குள்ளதான இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். திஹமேர் தம்பியைப் பார்த்தான். "எதுக்குலே?" என்றான். வேறு எதுவும் கேட்க வரவில்லை.

லெஹெல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினான். "பெஞ்சுல சொன்னாங்க, அண்ணா. நீங்க நான் அடிச்சதத் தடுத்தீங்கல்ல, அப்போ. 'ருமேனியாக்காரன் அண்ணன் காலப் பாத்துத்தான் அடிக்கறான்'னு. அடுத்த வருஷம் மேல போற டீம்ல பாதிப் பேரைக் கழிச்சுடுவாங்க. முதல் ஆளா என்னைத்தான் கழிப்பாங்க. நான் ஒண்ணும் திட்டம் போடல. வாய்ல வந்துடுச்சு."

"அந்தப் பேச்சு வாயில வந்துச்சா? அம்மாட்ட பேசுதப்ப வரலியே."

லெஹெல் பதக்கத்தின் நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என்ன பேச்சு? என்ன வந்துச்சு?" என்று அப்பா இடையில் புகுந்தார். லெஹெல் தயங்கினான். திஹமேரே சொன்னான், ஒரே வரியில். கேட்டதும் அப்பா திகைத்துப் போவார், தம்பியை ஓர் அறை விடுவார் என்று அவன் எதிர்பார்த்தானோ என்னவோ.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி! 'விட்ருண்ணே'ன்னியா? இவனும் விட்டானா?" அவருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. "மூளையப் பாத்தியளாடே! எங்க வீட்டுப் பயலுக்கு மூளையப் பாத்தியளா!" ஊர்க்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் திஹமேரின் முதுகில் தட்டி, "விட்ருண்ணே, பைய நான் எடுத்துக்கிடுதேன்," என்றான். அதில் விஷம் ஒன்றுமில்லை. அவர்கள் அவனை நேசிப்பவர்கள்தான். அதுதான் கொடுமை. இந்தக் கதையை அவர்கள் சீக்செரெதாவின் ஒவ்வொரு கடையிலும் சொல்லப் போகிறார்கள், அவன் சாகிற வரைக்கும், அன்போடு.

அப்போதுதான் திராகொமிர் அறையிலிருந்து வெளியே வந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் விடவில்லை. பாட்டிலை நீட்டிக்கொண்டு ஓடினார். அவருக்குத் தெரிந்த ருமேனிய மொழி ராணுவத்தில் கற்ற ஓட்டை மொழி.

"கோச் ஐயா! குடி, குடி. வருத்தம் வேண்டாம். சின்னப் பையன் புத்திசாலி! பெரிய பையன்கிட்ட நம்ம பாஷையில சொல்றான்: விடு. பெரிய பையன் விடறான்! ஹா! நம்ம பாஷை, ஐயா! காதுல விழுந்தா கை கேக்கும்!"

திஹமேர் தடுக்கப் போனான். அதற்குள் அப்பா சொல்லி முடித்துவிட்டார்.

திராகொமிர் பாட்டிலை வாங்கவில்லை. அவர் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திஹமேரிடம் வந்து நின்றார். தாழ்ந்த குரலில், வேகமாகப் பேசினார்.

"வழுக்கலையா?"

"இல்ல, கோச்."

"கூப்பிட்டான். நீ விட்டுட்ட."

"ஆமா."

திராகொமிர் தலையை ஆட்டிக்கொண்டார். "நீ வித்திருந்தாகூட எனக்குப் பரவாயில்லடா. வித்தவன்னா நீ ஒருத்தன்தான் கெட்டவன். அவங்க முன்னாடி போயி நின்னு, ஒரு அயோக்கியனை நம்பிட்டேன், என்னைத் தூக்குங்க, மத்த பசங்க தங்கம்னு சொல்லியிருப்பேன். இது அப்படி இல்லியே. நீ நல்லவன். இந்த அணியிலேயே நல்லவன் நீதான். உன் கையே அந்தக் குரலுக்குத்தான் கேக்குதுன்னா, நான் இத்தனை வருஷமா எந்த வாயால ஜாமீன் சொன்னேன்? அவங்க கேட்டதுதானே சரி?"

திஹமேர் பையைத் தரையில் வைத்தான்.

"அடுத்த தடவை நான் மேஜையைத் தட்ட மாட்டேன்," என்றார் திராகொமிர். "தட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல." அவன் தோளைத் தொட வந்த கையைப் பாதியிலேயே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நடைபாதையில் நடந்து போனார்.

லெஹெல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்தில் ருமேனிய மொழியில் அண்ணனைவிட அவன்தான் அதிக மதிப்பெண் வாங்கியவன். பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"என்னலே சொல்லிட்டுப் போறான்?" என்று கேட்டார் அப்பா. அவ்வளவு வேகமான ருமேனிய மொழி அவருக்குப் புரியாது. "மெனக்கெட்டு இவ்வளவு நேரம் பேசினானே."

திஹமேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நான் நல்லவனாம்பா. டீம்லயே நல்லவன் நாந்தானாம்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! ருமேனியன்னாலும் அவன் மனுசன்லே," என்று சொல்லி, தூரத்தில் போய்க்கொண்டிருந்த முதுகை நோக்கிப் பாட்டிலை உயர்த்திக் காட்டிவிட்டு ஒரு மடக்குக் குடித்தார்.